எட்டு வீட்டு மகள்

மூன்றாவது வீட்டுக் கதவையும் நான்தான் திறந்தேன்.

கார்ப்பரேஷன்காரர் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குடும்பத் தலைவர் பெயர் கேட்டார். நல்லகாமன் என்றேன். எத்தனை பேர் என்றார். நாலு என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

காளவாசலில் அந்தக் காம்பவுண்டுக்குள் எட்டு வீடு, ஒரே வரிசை. பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். கடைசி வீட்டுச் சீனியம்மாள் அக்கா மட்டும் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். மற்ற ஏழும் பூட்டு.

பூட்டிய வீடு கணக்கில் வராது.

எட்டையும் இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டப்போகிறார் ஓனர். அப்படிக் கட்டுகிறவர்கள் கார்ப்பரேஷனுக்குத் தனியாக ஒரு கட்டணம் கட்ட வேண்டுமாம். அந்தப் பணத்தில் மலிவு விலை வீடுகள் கட்டி, காலி செய்கிற குடும்பங்களுக்குக் கொடுப்பார்களாம். எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறதோ அத்தனைக்கும் ஓனர் கட்ட வேண்டும். அத்தனை குடும்பத்துக்குத்தான் வீடும்.

ஓனர் நாகசுப்பிரமணியன் கேட்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்தபடி போன் பேசிக்கொண்டிருந்தார்.

வேலை நாள், காலை பதினொரு மணி என்று நேரம் குறித்தது அவர்தான். குடியிருப்பவர்கள் யாருக்கும் சொல்லவில்லை. எட்டுக்கும் கட்டினால் மகளின் காலேஜ் சீட்டுக்கு வைத்த பணம் போய்விடும் என்று அவர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தபோது மணி பத்து. நான் ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

கிளாஸுக்குப் போகவில்லை. தாமரைச்செல்விக்குப் போன் அடித்தேன். நல்லகாமனின் மகள், என் பெஞ்சில் உட்காருகிறவள். எழுமலையில் ஒரு சாவு, கேதம் கேட்கக் குடும்பத்தோடு போயிருந்தார்கள். பஸ் பிடித்து வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும் என்று அழுதாள். அழுகைக்கு நடுவே உருப்படியாக ஒன்று சொன்னாள். எல்லா வீட்டுச் சாவியும் மீட்டர் பெட்டிக்கு மேலேதான் இருக்குமாம்.

அதற்குப் பிறகு நடந்ததை அவளுக்கே நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

ஏழு பூட்டையும் கழற்றி ஸ்கூல் பைக்குள் போட்டேன். ஏழு பின்கதவையும் திறந்து வைத்தேன். பின்னால் துணி துவைக்கிற சந்து எல்லா வீட்டுக்கும் பொது. ஒரு வாசலில் பதில் சொல்லிவிட்டு, அவர் அடுத்த வாசலுக்கு வருவதற்குள் சந்து வழியே ஓடி அந்த வீட்டுக்குள் நுழைந்தேன்.

முதல் வீட்டில் என் சுடிதார். இரண்டாவது வீட்டில் தலையில் ஈரத்துண்டு. மூன்றாவது தாமரையின் வீடு. அவளுடைய நைட்டியை மேலே மாட்டிக்கொண்டேன்.

ஓனர் மட்டும் திரும்பக்கூடாது. என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

கார்ப்பரேஷன்காரர் போட்டோ எடுக்க டேப்லெட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார். எடுக்கவில்லை. முன்னால் எடுத்த இரண்டையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“எத்தன வீட்டுக்குத்தான் பாப்பா நீ மகளா இருப்ப?”

பொய்க் கணக்கு என்று எழுதினால் எட்டும் போய்விடும், படுத்துக் கிடக்கிற சீனியம்மாள் அக்கா வீடும் சேர்ந்து போய்விடும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஓனர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். உள்ளே வந்தார்.

என்னைப் பார்த்தார். நைட்டியைப் பார்த்தார். தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். நான் பையைப் பின்னால் தள்ளியதில் உள்ளே பூட்டுகள் ஒன்றோடு ஒன்று இடித்துச் சத்தம் போட்டன. பிறகு வரிசையைப் பார்த்தார், ஒரு கதவிலும் பூட்டு இல்லை.

இந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மடித்தார். மறுபடியும் துடைத்தார்.

“எட்டுலயும் ஆளு இருக்கு சார். மாசாமாசம் வாடகை வாங்குறவன் நானே சொல்றேன், எழுதிக்கங்க. இந்தப் பிள்ள போட்டோவ மட்டும் அழிச்சிருங்க. சாயங்காலம் வீட்டாளுக வந்ததும் வந்து எடுத்துக்கங்க.”

கார்ப்பரேஷன்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு என்று அடித்தார். ஓனரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பைக் சத்தம் மறைகிறவரை வாசலிலேயே நின்றேன். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்புதான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால்தான் அழுகை. தாமரைக்கு ‘எட்டு’ என்று மட்டும் மெசேஜ் அனுப்பினேன்.

ஓனர் கையை நீட்டினார். பையைக் கொடுத்தேன்.

எது எந்த வீட்டுப் பூட்டு என்று எனக்குக் குழம்பிப் போயிருந்தது. அவருக்கு ஏழும் தெரிந்திருந்தது. நைட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்கதவுகளை நான் உள்ளே தாழிட்டு வர, பூட்டுகளை ஒவ்வொன்றாக அவரே மாட்டினார்.

அதன் பிறகு அவர் பேசியது தமிழ் இல்லை. வீட்டுக்குள் மட்டும் பேசுகிற சௌராஷ்டிரத்தில், மெதுவாக, வண்டியில் ஏறச் சொன்னார்.

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். காளவாசல் சிக்னலுக்கு வந்தோம். சிவப்பு விழுந்து வண்டி நின்றதும், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்ன அதே நேரத்தில் அப்பாவும் அதையே சொன்னார்.