அரையும் காலும்

வகுப்பு வாசலிலேயே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள் பயிற்சி ஆசிரியை. தோழி சொல்லிக்கொடுத்த வழி அது. “மூஞ்சி தெரிஞ்சாத்தானேடி பயம்? கழட்டிடு!”

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர், பின்சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து முறைத்த முறைப்பில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஃபெயில். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் அண்ணனின் செருப்புக்கடைக் கல்லாதான் கதி.

போதாக்குறைக்குத் தலைமையாசிரியை வேறு காலையில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “யுனிவர்சிட்டியும் நம்ம ஸ்கூலும் இப்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணும்மா. ஒப்பந்தம் போட்டாச்சு. உன்னை அம்போன்னு விட்டுட மாட்டாங்க, பார்க்க ஆள் வரும்.”

உள்ளே நுழைந்தாள். மங்கலாகத் தெரிந்த பின்சுவரோரம் நாற்காலி எதுவும் இல்லை. அப்பாடா, யாரும் வரவில்லை! பெஞ்சுகளில்தான் நெருக்கியடித்துக்கொண்டு தலைகள். ஏழாம் வகுப்பு என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது, அத்தனை அமைதி.

“அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு? சொல்லுங்க பார்ப்போம்.”

கரும்பலகையில் அவள் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அதற்குள் எல்லாப் பேனாக்களும் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“தப்பா இருந்தாலும் பரவால்ல கண்ணுங்களா.”

“ஆறில் ரெண்டு,” என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

குரல் உடைகிற வயது, பாவம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பில் பயம் போன இடம் தெரியவில்லை. ஒரு தாளை நாலாக மடித்துக் கிழித்தாள். “இந்த ரெண்டு துண்டும் சேர்ந்தா அரை. இதோட இந்தக் கால் துண்டையும் வெச்சா?”

“அட! முக்கால்!” கரகரத்த குரல் துள்ளியது.

“சமத்து! என் தங்கம்!”

அதன்பிறகு பாடம் மடைதிறந்த வெள்ளம்தான். மணி அடித்ததும் எழுந்த கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. செருப்புக்கடையை மனதுக்குள் இழுத்து மூடிவிட்டு, பூரிப்போடு கண்ணாடியை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள்.

வாசலுக்கு வெளியே வெயிலிலிருந்து ஒரு கீச்சுக்குரல் கேட்டது:

“டீச்சர், உங்களைப் பார்க்க வந்த புரொஃபசருங்க எல்லாம் எந்திரிச்சா, நாங்க உள்ள வந்து உக்காரலாமா?”