எறும்பு தின்ற அல்வா

நண்பகலில் கரண்ட் போனதில் ஊரே வேர்த்து வழிந்தது. கோளாறு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற ரிலே கருவியில் பதிவானதை எடுத்துப் பார்க்காமல் மறுபடி கரண்ட் விடக் கூடாது. துணை மின்நிலையத்தில் வடிவு ரிலேமேல் பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

எண்களை அடிக்கிற பாஸ்வேர்டு காலமெல்லாம் மலையேறிவிட்டது. மனசு அமைதியாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் இப்போது ரிலே திறக்கும். வடிவுக்கோ காலையில் புருஷன் இசக்கிமுத்துவோடு சண்டை. வேறு வழியில்லாமல் அவனுக்கே போன் போட்டாள்.

“அல்வா விஷயத்த நான் மறந்துட்டேன். கோவமெல்லாம் இல்ல.”

“பொய் சொல்லாத. ஃபேன் இன்னும் சுத்தலையே.”

அவள் மறுபடி பெருவிரலை வைத்துப் பார்த்தாள்; சிவப்புதான். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “எறும்பு தின்னுட்டுன்னு சொன்னது பொய்தான். நான்தான் தின்னேன்.”

“எறும்பு தின்னுட்டு, டப்பாவையும் கழுவிக் கவுத்தி வச்சிட்டுப் போச்சுன்னு நான் நம்பணுமாக்கும்?” கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

விளக்கு பச்சையானது. பதிவைப் பார்த்தாள். கம்பியில் காக்கை உரசியிருக்கிறது, வேறு கோளாறு இல்லை. போனை வைக்காமலே சுவிட்சைத் திருகினாள்.

அந்தப் பக்கம் தெருவே ஆரவாரித்தது. அதில் எதிர்வீட்டு அக்காவின் குரல் தனியாகக் கேட்டது:

“ஏட்டி, வடிவு சமாதானமாயிட்டா!”