முருங்கையிலைச் சாறு

“பிள்ளை, இண்டைக்கும் அந்த முருங்கையிலைச் சாறு இருக்கோ?”

“கொதிக்குது மாமா” என்றாள் உதயகலா. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

வீட்டின் பின்வளவில், வாழைகளின் மறைவில், மத்தியானம் தொடக்கம் கொதித்துக்கொண்டிருந்தது ஆட்டுக்கால் எலும்பு. மேலே படியும் கொழுப்பை வழித்தெடுத்து, துணியில் இரண்டு தரம் வடித்து, அதற்குப் பிறகுதான் மிளகும் உள்ளியும் முருங்கையிலையும் போடுவாள். எலும்பை வாழையடியில் புதைத்துவிட்டுத் தலைமுழுகித் தோய்வாள்.

மாமனார் கனகரட்ணம் பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவர். கோயிலில் கந்தபுராணம் படிப்பவர். ஆவணியில் கிணற்றடியில் விழுந்து கால் முறிந்தபோது, எலும்பு சூப் கொடுக்கச் சொன்னார் டொக்டர். “செத்தாலும் வேண்டாம்” என்றார் மாமா. சோறும் இறங்காமல் அவர் கட்டிலோடு கரைந்துபோவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் உதயகலா தொடங்கினாள். சண்டிலிப்பாயில் வாங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று ஸ்கூட்டியில் அச்சுவேலிக்குப் போனாள். இறைச்சிக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை.

இப்போது மாமா பொல்லூன்றி நடக்கிறார். பத்து நாளாகப் பின்னேரப் புராணப் படிப்புக்கும் போகிறார், பிளாஸ்க் நிறையச் சாற்றோடு. அது வெறுமையாகத் திரும்பி வரும். கழுவும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரும்.

நாளை கந்தசஷ்டி விரதம். அதற்கு முன் சொல்லிவிட வேண்டும். வீட்டை விட்டு எழும்பச் சொன்னாலும் சரி.

“மாமா, நான் ஒரு பெரிய பிழை செய்துபோட்டன்.”

“பொறு பிள்ளை. பிழை என்னிலை. முதல் நான் சொல்லுறன்.” பொல்லைச் சுவரில் சாத்தினார். “நீ பிளாஸ்கிலை விட்டுத் தாறதை நான் குடிக்கிறேல்லை.”

“என்ன?”

“இஞ்சை குடிக்கிறது எனக்குக் காணும். புராணம் படிக்கிற ஆக்களுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. பாவமெண்டு ஒரு நாள் குடுத்தன். இப்ப பதினொரு பேரும் கோப்பையோடை காத்துக்கொண்டு நிக்கினம்.”

“பதினொரு பேரோ!”

“ஓம். எங்கடை ஏரம்பு அண்ணை, தீட்சை எடுத்த மனிசன், மச்சம் சமைக்கிற வீட்டிலை பச்சைத் தண்ணியும் வாங்காதவர், அவர்தான் ரெண்டாந்தரமும் கோப்பையை நீட்டுறார். விரதம் முடிஞ்சு பாறணையண்டைக்குக் கோயில் மடத்திலை உந்தச் சாறுதான் எண்டு நேற்று முடிவெடுத்திட்டம்.”

உதயகலா வாயைத் திறந்தாள்.

“ஏன் முழிக்கிறாய்? நீ தனியக் கிடந்து மாயத் தேவையில்லை” என்று மாமா சிரித்தார். “பக்குவம் பழக ஏரம்பு அண்ணையின்ரை மனிசி பராசக்தி வந்திட்டா. ‘வாழைக்குப் பின்னாலைதான் அடுப்பு, மூடியைத் திறந்து பாருங்கோ’ எண்டு இப்பதான் அனுப்பிவிட்டனான்.”