வலிக்கணோ?

அந்த நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தாய் என்று அக்காள் குருவம்மாள் கேட்டாள்.

டீக்கடைக்கு என்றான் நல்லதம்பி.

பச்சைப் பொய். ஆனால் வாயில் வந்துவிட்டது. எஸ்டேட் லயத்து வீட்டின் ஒற்றை அறையில், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அத்தான் காளிச்சாமி கட்டிலில் படுத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது?

இனி இந்த முட்டி மடங்காது என்று டாக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரியிலிருந்து தேயிலைப் பெட்டி சரிந்து அந்த முட்டியில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, கால் மட்டும் பாதிக்கு மேல் மடங்க மாட்டேன் என்றது. ஃபாக்டரியில் நின்றுகொண்டே செய்கிற வேலை, அதனால் பிழைப்புக்கு மோசமில்லை. பந்தியில்தான் மானம் போயிற்று. சொந்தத் தம்பி கல்யாணத்தில் காலை நீட்டி உட்கார்ந்தவரைப் பரிமாறுகிறவர்கள் சுற்றிச் சுற்றிப் போனார்கள். யாரோ ஒரு புண்ணியவான் முக்காலியைக் கொண்டுவந்து, பச்சைப்பிள்ளையை உட்கார வைப்பது போல மூலையில் தனியே உட்கார வைத்துவிட்டான்.

வருகிற தையில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன வேண்டும். மனுஷன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அதற்கு வழி சொன்னவனும் நல்லதம்பிதான்.

கேரளம் என்று மாநிலம் பிரிந்த மறு வருஷம், எஸ்டேட் பள்ளிக்கு ஆலப்புழைப் பக்கத்திலிருந்து சங்குண்ணி என்று ஒரு டிரில் மாஸ்டர் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பள்ளிக் கொட்டகையில் யோகாசனம் சொல்லிக்கொடுத்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. அத்தானுக்கோ மலையாளத்தில் சாயா என்ற சொல்லைத் தாண்டப் பழக்கமில்லை. வண்டிப்பெரியாரில் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற நல்லதம்பிக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. நடுவில் இருந்து சொல்ல நான் இருக்கிறேன், வாங்க என்று கூட்டிப்போனான்.

மாஸ்டரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அத்தனை பக்குவம். முதல் வாரம் வெறும் மூச்சு. சவாசனம் என்று படுக்கச் சொன்னதும் அத்தான் குறட்டை விட்டுவிட்டார். இரண்டாம் வாரம், மடித்த சாக்கின் மேல் உட்கார்த்தி, முட்டிக்கு அடியில் துணிச் சுருட்டு வைத்துக் காலைச் சும்மா அசைக்கச் சொன்னார். அடிபட்ட காலோடு அவசரம் கூடாது, வேதனிச்சால் பறயணம் என்றார். வலித்தால் உடனே சொல்லணுமாம் என்று நல்லதம்பியும் ஒழுங்காகத்தான் சொன்னான்.

மூன்றாம் வாரம் குதிகாலைத் தொடைப் பக்கம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மாஸ்டர் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரற்கடைக்கும் அனுமதி கேட்டார்.

"வலிக்கணோ?"

இன்னும் இழுக்கட்டுமா என்று அர்த்தம். அவர் பேச்சில் வலிப்பது என்றால் இழுப்பது.

வலிக்கிறதா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்த அத்தான், தங்கள் தென்காசிப் பக்கத்துப் பேச்சிலேயே பதில் சொன்னார்.

"வலிக்கு."

மாஸ்டர் காதில் அது இழு என்று விழுந்தது. இழுத்தார்.

மறுபடி கேட்டார். இன்னும் கொஞ்சம் சத்தமாக அதே பதில் வந்தது. மறுபடி இழுத்தார்.

அத்தானின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நல்லதம்பிக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது. விளங்கியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தான்மாரைக் கேலி பண்ணுவது மச்சினன்மாருக்குப் பிறப்புரிமை அல்லவா? கல்யாண வீட்டில் நடித்துக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? இன்னும் ஒரே ஒரு தடவை நடக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

அந்த ஒரு தடவையில்தான் சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது.

அடப்பாவி, ஒரு சொல். நிறுத்தும் என்று ஒரே ஒரு சொல். அதற்காகத்தானே அவனை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்? மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை அவனுக்கு. மாஸ்டர் தினமும் சாயங்காலம் வந்து, வாசலில் நின்று, என்னென்னவோ சொல்லி அழுதுவிட்டுப் போகிறார். அக்காளுக்கு ஒன்றும் புரிவதில்லை. புரிய வைக்க வேண்டியவன் நல்லதம்பிதான். அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் இந்தக் கேடு வந்திருக்குமா என்று அக்காள் மூக்கைச் சிந்தினாள்.

டீக்கடைக்குத்தான் போயிருந்தான், நான்தான் போகச் சொன்னேன் என்று அத்தான் கட்டிலில் கிடந்தபடியே சொன்னார். அக்காள் அதோடு விட்டாள். குழாயில் தண்ணீர் வருகிற நேரமென்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

நல்லதம்பி சொன்னது பொய் என்று அத்தானுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லி அவர் காலில் விழுந்துவிடலாம் என்று வாயெடுத்தான்.

காளிச்சாமி கையைக் காட்டி நிறுத்தினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"நீ சிரிக்கது கேட்டுச்சு மாப்ளே. நீயே சிரிக்கேன்னா, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சித்தான் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்."