குரலை இறக்கிச் சொல்லுங்க

“ஹி இஸ் மை சன்?”

ஸ்போக்கன் இங்கிலீஷ் டீச்சருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. எதிரே இருந்த தையல்காரர் ஒரு மணி நேரமாக இந்த ஒரே வாக்கியத்தைத்தான் உருப்போட்டுக்கொண்டிருந்தார். வேறு எதுவும் வேண்டாமாம்.

“சார், கடைசி வார்த்தையில குரலைத் தூக்கறீங்க. ‘இவன் என் பையனா?’ன்னு என்னையே கேக்கற மாதிரி இருக்கு. இறக்கிச் சொல்லுங்க.”

“சந்தேகமாத் தெரியக் கூடாதும்மா. நாளைக்கு வீடியோவுல வெளிநாட்டு ஆபீசர் கேப்பாரு.”

விசா விஷயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். “பெத்த பிள்ளையைச் சொல்ல என்ன தயக்கம்? அடிச்சுச் சொல்லுங்க.”

கழுத்தில் கழற்ற மறந்திருந்த டேப்பை விரலில் சுற்றியபடி அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஹி இஸ் மை சன்.”

குரல் கல் மாதிரி இறங்கி நின்றது. டீச்சர் கைதட்டிவிட்டாள். “பாத்தீங்களா, வந்துடுச்சு. பையன் அங்க என்ன வேலை பாக்கறாரு?”

“கூட வேலை பாத்தவங்க அடையாளம் சொல்லிட்டாங்கம்மா. நாளைக்குப் பிணவறையில முகத்தைத் திறந்து எனக்கும் காட்டுவாங்க. நான் இழுத்துச் சொன்னா மறுபடியும் காட்டுவாங்களாம். பக்கத்துல என் சம்சாரம் இருப்பா. ரெண்டாந்தடவை அவ பாக்க வேண்டாம்.”

தட்டிய கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“இப்ப இறக்கிச் சொல்ற வரைக்கும், எனக்கு அது கேள்வியாத்தாம்மா இருந்துச்சு.”