ஆள் இல்லை

விருமாண்டி உயிரோடு இருந்தவரை, பத்திரிகையில் எந்தக் கூப்பனைப் பார்த்தாலும் பெயர் எழுதி அனுப்பிவிடுவார். அவர் செத்து ஒரு வருஷமான பிறகும் ஆனையூர் வீட்டுக்கு அவர் பெயரில் லாட்டரி நோட்டீஸும் லேகிய விளம்பரமும் ரேடியோ கம்பெனிப் புத்தகமும் வந்துகொண்டே இருந்தன. கப்பலூரில் மதிய ஷிப்டு பார்க்கும் ஜெயக்கொடிக்கு, வாசலில் கிடக்கும் புருஷன் பெயரைத் தினமும் குனிந்து பொறுக்கி அலுத்துவிட்டது. கடைசியில் ஒவ்வொன்றிலும் ‘ஆள் இல்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் எல்லாம் நின்றது.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த தபால்காரர் ஒரு காலையில் தண்ணீர் கேட்டு நின்றார்.

“இப்பல்லாம் குப்பை வர்றதில்ல. நிம்மதியா இருக்கு தம்பி” என்றாள்.

“அண்ணேதான் கண்மாய்க்கரையிலேயே வாங்கிக்கிறாரேக்கா.”

“எந்த அண்ணே?”

“விருமாண்டி அண்ணே. ‘வீட்ல அவ அலுத்துக்கிறா, எங்கிட்டயே குடுத்துரு’ன்னாரு.”

ஜெயக்கொடி சொம்பைத் திரும்ப வாங்கினாள். அவர் அப்படித்தான் பேசுவார்.

“அம்புட்டையும் எங்க வச்சிருக்காரு?”

“கையிலதான். கீழ வச்சா நனைஞ்சிருமாம்.”

உள்ளே போய் ரேஷன் பையை எடுத்து வந்து கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்.

“பை பத்தலையாம்க்கா. ஒத்தையில தூக்க முடியல, உங்களை வரச் சொன்னாரு.”

ஜெயக்கொடி அடுப்பை அணைத்தாள். கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு மலையம்மாளிடம் கொடுத்தாள்.

“எப்பக்கா வருவ?”

“தெரியலடி. அம்புட்டையும் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு.”