கவிழ்ந்தவர் கழுவ வேண்டும்

புதன்கிழமை பிற்பகல், டெபன் ஆற்றில் காற்று பலமாக வீசுகிறது. வாராந்திரப் பாய்ப்படகுப் பந்தயத்தில் யார் கவிழ்ந்தாலும் எல்லோருடைய தேநீர்க் கோப்பைகளையும் அவரே கழுவ வேண்டும். மூன்று வாரமாகக் கழுவிக்கொண்டிருக்கும் முரியல், இன்று படகின் விளிம்புக்கு வெளியே முழு உடம்பையும் சாய்த்து, பாயின் கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். எல்லைக்கோடு பக்கத்தில்தான். அவளுடைய மூக்குக்கண்ணாடியில் நீர்த்துளிகள் வெயிலில் மினுங்குகின்றன. அடுத்த படகிலிருந்து கணவர் பெர்சி கத்துகிறார்: "முரியல், சோப்பு எடுத்து வெச்சுட்டேன்!"

"நீயே வெச்சுக்கோ, கிழவா!"

பெர்சி சிரித்தபடி கையசைக்கிறார். சுக்கானைப் பிடித்திருந்த கை அது. பாய் படாரென்று மறுபக்கம் அடிக்கிறது. படகு கவிழ்கிறது. தண்ணீரில் முதலில் தொப்பி, பின்னாலேயே பெர்சி. கோட்டைக் கடந்த முரியலுக்காகக் கரையில் ஊதல் ஒலிக்கிறது. தண்ணீரிலிருந்து எழும் நரைத்த தலையைப் பார்த்து அவள் கேட்கிறாள்: "சோப்பை எங்க வெச்சேன்னு சொன்ன?"